‘நல்’ போட்டால் ஆப்ஜெக்ட் அழிந்துவிடுமா?

நீங்கள் கேட்டிருந்த கேள்வி இது: “சி++ படித்துவிட்டு ஜாவாவுக்கு வந்திருக்கிறேன். கன்ஸ்ட்ரக்டர் ஆப்ஜெக்டை உருவாக்கும், டிஸ்ட்ரக்டர் அழிக்கும் என்று படித்தேன். ஜாவாவில் டிஸ்ட்ரக்டரையே காணோம். வேலை முடிந்ததும் வேரியபிளுக்கு ‘நல்’ போட்டால் ஆப்ஜெக்ட் அழிந்துவிடுமா? பைத்தானில் ‘டெல்’ போட்டால்?”

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘நல்’ (null, எதையும் காட்டாத வெற்று மதிப்பு) போட்டால் ஆப்ஜெக்ட் அழியாது. ‘டெல்’ போட்டாலும் அழிந்தே தீரும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டும் ஆப்ஜெக்டைத் தொடுவதே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெயரைத்தான் தொடுகின்றன. ஜாவாவில் வேரியபிள் என்பது ஆப்ஜெக்ட் அல்ல, ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ். ஒரே ஆப்ஜெக்டை ஐந்து வேரியபிள்கள் காட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்றுக்கு ‘நல்’ போட்டால் மற்ற நான்கும் காட்டிக்கொண்டேதான் இருக்கும். ஐந்தும் விட்டுவிட்டால்கூட அந்த ஆப்ஜெக்ட் ‘இனி எடுத்துக்கொள்ளலாம்’ என்ற நிலைக்குத்தான் வருகிறது. எப்போது எடுக்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் உங்கள் கேள்விக்குள் வேறொரு தவறான புரிதல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் ஜாவா, பைத்தான், சி ஷார்ப் என்று எங்கே போனாலும் அது உங்களோடு வரும். ‘கன்ஸ்ட்ரக்டர் ஆப்ஜெக்டை உருவாக்கும்’ என்று பாடத்தில் எழுதியிருப்பார்கள். உண்மையில் கன்ஸ்ட்ரக்டர் ஓடத் தொடங்கும்போது ஆப்ஜெக்டுக்கான இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரியிலேயே ‘திஸ்’ (இந்த ஆப்ஜெக்ட்) என்று எழுத முடிகிறதே, எப்படி? இடம் இருப்பதால்தான். பைத்தான் இதை மறைக்காமலே காட்டுகிறது: ‘__நியூ__’ இடத்தைக் கொடுக்கிறது, ‘__இனிட்__’ அந்த இடத்தை ‘செல்ஃப்’ என்று கையில் வாங்கி நிரப்புகிறது.

ஆக, பிறப்பு இரண்டு படி. முதலில் மெமரியில் இடம் கிடைக்கிறது. பிறகு அந்த வெற்று இடம் அர்த்தமுள்ள பொருளாகிறது. இறப்பும் அதே இரண்டு படிதான், தலைகீழாக: முதலில் பொருள் தன் பொறுப்புகளை முடித்துக்கொள்கிறது, பிறகு இடம் திரும்பிப் போகிறது. சி++ இந்த நான்கையும் உங்கள் கண்ணெதிரே நடத்துகிறது. ஜாவா கடைசிப் படியை, அதாவது இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை, தானே எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய படியை எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ‘டிஸ்ட்ரக்டரையே காணோம்’ என்று சொல்வது இந்த விடுபட்ட படியைத்தான்.

வரலாறும் இதையே சொல்கிறது. ‘நியூ’ என்ற சொல் நார்வேயில் டாலும் நியூகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே உண்டு. அங்கே மெமரியை, பயன்படாத இடத்தைத் தானே மீட்டெடுக்கும் கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொண்டது. 1979-இல் ஸ்ட்ரவுஸ்ட்ரப் சி மொழிக்கு கிளாஸ்களைச் சேர்த்து, பின்னாளில் சி++ ஆன மொழியை உருவாக்கத் தொடங்கியபோது கன்ஸ்ட்ரக்டருக்கு ‘நியூ ஃபங்ஷன்’ என்றும் டிஸ்ட்ரக்டருக்கு ‘டெலீட் ஃபங்ஷன்’ என்றும்தான் பெயர். இரண்டையும் ஜோடியாக வைத்தது அந்த மொழி செய்த பெரிய காரியம். பின்னால் வந்த பல மொழிகள் ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டன.

முதல் படியில் பேச அதிகம் இல்லை. ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்கள் இருக்கும் ஸ்டாக்கில் என்றால் ஸ்டாக் பாயின்டரை நகர்த்தினால் போதும். ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட்டில், நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு த்ரெடுக்கும், ஆப்ஜெக்டுகள் வாழும் மெமரிப் பகுதியான ஹீப்பில் ஒரு துண்டு தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான ‘நியூ’க்கள் அந்தத் துண்டில் ஒரு பாயின்டரை முன்னே தள்ளுவதோடு முடிந்துவிடும். 64 பிட் இயந்திரத்தில் ஒரு ஃபீல்டுகூட இல்லாத வெற்று ஆப்ஜெக்டுக்கும் வழக்கமான அமைப்பில் 16 பைட் போகும்: 12 தலைப்புக்கு, 4 இட்டு நிரப்ப. ஜாவா அந்த இடத்தை முழுக்கப் பூஜ்ஜியமாக்கிவிட்டுத்தான் கன்ஸ்ட்ரக்டரிடம் தருகிறது. சி++-இல் அந்த உத்தரவாதம் கிடையாது. நீங்கள் மதிப்புக் கொடுக்காத ‘இன்ட்’ ஃபீல்டில் முன்பு அங்கே எது கிடந்ததோ அதுதான் இருக்கும்.

இரண்டாவது படியில்தான் விஷயம் இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டரின் கடமை ஃபீல்டுகளுக்கு மதிப்புப் போடுவது என்று நினைக்காதீர்கள். அரைகுறையான ஆப்ஜெக்ட் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் கடமை. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் வைத்திருக்கும் ‘காலவரம்பு’ என்று ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். முடிவு தொடக்கத்துக்கு முன்னால் போகக் கூடாது என்பது அதன் விதி. அதைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே சோதித்து, பொருந்தாவிட்டால் எக்ஸெப்ஷன் எறிந்துவிட்டால், அதன் பிறகு நிரலில் எங்கேயும் அந்தச் சந்தேகம் வராது. ‘முதலில் ஆப்ஜெக்டை உருவாக்கு, பிறகு மறக்காமல் இனிஷியலைஸ் என்ற மெத்தடைக் கூப்பிடு’ என்று எழுதப்பட்ட கிளாஸ்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை. மறக்காமல் என்று ஒரு சொல் தேவைப்பட்டாலே, ஒருநாள் யாரோ மறப்பார்கள்.

இந்தப் படி எந்த வரிசையில் நடக்கிறது என்பதில் பலர் வழுக்கி விழுகிறார்கள். சி++-இல் முதலில் பேரன்ட் கிளாஸ், பிறகு உறுப்புகள், கடைசியில் கன்ஸ்ட்ரக்டரின் உடல். உறுப்புகள் எந்த வரிசையில்? கன்ஸ்ட்ரக்டரின் பட்டியலில் நீங்கள் எழுதிய வரிசையில் அல்ல, கிளாஸில் அறிவித்த வரிசையில். ஒரு பஃபர் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸில் மேலே ‘இடம்’ என்ற பாயின்டரும் அதற்குக் கீழே ‘நீளம்’ என்ற எண்ணும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. கன்ஸ்ட்ரக்டரின் பட்டியலில் நீங்கள் ஒழுங்காக நீளத்தை முதலில் எழுதி, அடுத்து ‘நீளம் அளவுக்கு இடம் ஒதுக்கு’ என்று எழுதுகிறீர்கள். படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஓடும்போது இடம்தான் முதலில் உருவாகும். அந்த நேரத்தில் நீளத்தில் இருப்பது ஏதோ பழைய குப்பை. அந்தக் குப்பை எண் அளவுக்கு இடம் கேட்கப்படும். சில நாள் வேலை செய்யும், சில நாள் விழும். ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டும் இதற்கு எச்சரிக்கை தருகின்றன. எச்சரிக்கைகளைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

ஜாவாவுக்கு வந்திருப்பதால் இன்னொரு பள்ளத்தை முக்கியமாகக் காட்ட வேண்டும். சி++-இல் பேரன்ட் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து விர்ச்சுவல் ஃபங்ஷனை (சைல்டு மாற்றி எழுதக்கூடியதை) கூப்பிட்டால் பேரன்டின் ஃபங்ஷன்தான் ஓடும், ஏனென்றால் சைல்டு இன்னும் பிறக்கவில்லை. ஜாவாவில் அப்படி இல்லை. சைல்டு எழுதிய மெத்தட் ஓடும். ‘படிவம்’ என்ற பேரன்டின் கன்ஸ்ட்ரக்டர் ‘வரை’ என்ற மெத்தடைக் கூப்பிடுகிறது. ‘வண்ணப்படிவம்’ என்ற சைல்டில் ‘வண்ணங்கள்’ என்று ஒரு பட்டியல். அறிவித்த வரியிலேயே அதற்குப் புதிய பட்டியலும் கொடுத்தாகிவிட்டது. சைல்டின் ‘வரை’ அந்தப் பட்டியலைச் சுற்றிவருகிறது. ஓட்டினால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்! வரியைப் பார்த்தால் மதிப்புக் கொடுத்திருக்கிறது, ஓட்டினால் காலி. என்ன நடந்தது? இடம் பூஜ்ஜியமானது, எனவே பட்டியல் ‘நல்’. பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர் தொடங்கி, சைல்டின் ‘வரை’யைக் கூப்பிட்டது. சைல்டின் ஃபீல்டுகளுக்கு மதிப்புக் கொடுக்கும் வரிகள் பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் ஓட வேண்டும். அதற்குள் எல்லாம் விழுந்துவிட்டது. சி ஷார்ப்பில் ஃபீல்டு வரிகள் பேரன்ட் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே ஓடிவிடுவதால் இதே நிரல் அங்கே தப்பிக்கும். ஆனால் பட்டியலுக்குக் கன்ஸ்ட்ரக்டர் உடலில் மதிப்புக் கொடுத்திருந்தால் அங்கேயும் விழும். எந்த மொழியானாலும், மாற்றி எழுதக்கூடிய மெத்தடைக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து கூப்பிடாதீர்கள்.

கன்ஸ்ட்ரக்டர் பாதியில் எக்ஸெப்ஷன் எறிந்தால்? சி++ இதற்கு மிகத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்த ஆப்ஜெக்ட் பிறக்கவே இல்லை என்று கணக்கு. பிறக்காததற்கு இறப்பும் இல்லை, எனவே அதன் டிஸ்ட்ரக்டர் ஓடாது. ஆனால் அதுவரை முழுமையாக உருவாகிவிட்ட உறுப்புகளுக்கும் பேரன்ட் பகுதிக்கும் டிஸ்ட்ரக்டர்கள் பின்னிருந்து முன்னாக ஓடும். கன்ஸ்ட்ரக்டர் உடலில் ‘நியூ’ போட்டு சாதாரணப் பாயின்டரில் வைத்த மெமரி இந்த நேரத்தில் கசிந்துவிடும். அதையே, தான் பிடித்த மெமரியைத் தானே விடுவிக்கும் ‘யுனீக் பாயின்டர்’ உறுப்பாக வைத்திருந்தால் கசியாது, ஏனென்றால் அது தனக்கென டிஸ்ட்ரக்டர் உள்ள முழுமையான ஆப்ஜெக்ட்.

இனி இறப்புக்கு வருவோம். சி++-இல் ஸ்கோப் முடியும் அடைப்புக்குறியில், அந்த ஸ்கோப்பில் பிறந்தவை எல்லாம் பிறந்ததற்கு நேர்மாறான வரிசையில் மறையும். பின்னால் வந்தது முன்னால் வந்ததை நம்பி நின்றிருக்கலாம் என்பதால் இந்த ஒழுங்கு. இதன் அருமை ‘லாக் கார்டு’ என்ற சின்ன கிளாஸைப் பார்த்தால் தெரியும். கன்ஸ்ட்ரக்டரில் பூட்டைப் போடுகிறது, டிஸ்ட்ரக்டரில் திறக்கிறது, வேறு எதுவும் செய்வதில்லை. உங்கள் ஃபங்ஷனில் ஐந்து இடத்தில் ‘ரிட்டர்ன்’ இருக்கட்டும், நடுவில் எக்ஸெப்ஷன் பறக்கட்டும், எந்த வழியாக வெளியேறினாலும் பூட்டு திறந்துவிடும். திறக்க வேண்டும் என்று யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வளத்தின் ஆயுளை ஒரு ஆப்ஜெக்டின் ஆயுளோடு கட்டிவிடும் இந்த முறைதான் சி++ உலகுக்குத் தந்த மிகச் சிறந்த யோசனை என்பது என் உறுதியான கருத்து.

சி++ பக்கம் நினைவில் வைக்க வேண்டியவை இன்னும் இரண்டு. பேரன்ட் பாயின்டர் வழியாக சைல்டை ‘டெலீட்’ செய்வதாக இருந்தால் பேரன்டின் டிஸ்ட்ரக்டர் விர்ச்சுவலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று மொழியே பொறுப்பேற்காது. டிஸ்ட்ரக்டரிலிருந்து எக்ஸெப்ஷன் வெளியே போகக் கூடாது. சி++11 முதல், தனியாகச் சொல்லாதவரை, அப்படிப் போனால் நிரல் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் மற்ற மொழிகள் ஏன் வேறு பாதை எடுத்தன? ‘டெலீட்’ செய்த பிறகும் பாயின்டர் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால். அந்த இடம் வேறொரு ஆப்ஜெக்டுக்குப் போயிருக்கலாம். பழைய பாயின்டர் வழியாக எழுதினால் புதியவரின் வீட்டுக்குள் எழுதுகிறீர்கள். குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியம் திட்டம் தன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 70 சதவீதம் மெமரி பாதுகாப்பு தொடர்பானவை என்றும், அவற்றில் பாதி இப்படி விடுவித்த பின் பயன்படுத்தியவை என்றும் வெளியிட்டது. உலகின் தேர்ந்த நிரலாளர்கள் எழுதும் நிரலிலேயே இந்த நிலை. மனிதன் கையில் ‘டெலீட்’டைக் கொடுக்கவே கூடாது என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

அதற்கான விடை மிகப் பழையது. லிஸ்ப் மொழிக்காக மெக்கார்த்தி எழுதி 1960-இல் வெளிவந்த கட்டுரையிலேயே கார்பேஜ் கலெக்‌ஷன் இருக்கிறது. அதே 1960-இல் காலின்ஸ், ஒரு ஆப்ஜெக்டை எத்தனை ரெஃபரன்ஸ்கள் காட்டுகின்றன என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கவுன்டிங்கை முன்வைத்தார். பெயரைப் பார்த்து கார்பேஜ் கலெக்டர் குப்பையைத் தேடிப் போகிறது என்று நினைக்கிறோம். ஜாவாவில் இருப்பது போன்ற கலெக்டர் தேடுவது உயிரோடு இருப்பவற்றை. ஸ்டாக்கில் உள்ள ரெஃபரன்ஸ்கள், ஸ்டாட்டிக் ஃபீல்டுகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, ஒன்றைப் பிடித்து அடுத்ததற்குப் போய், எட்ட முடிந்ததை எல்லாம் குறித்துக்கொள்கிறது. எட்டாதவை தானாகவே செத்தவை. புதிய ஆப்ஜெக்டுகள் இருக்கும் பகுதியில் உயிருள்ளவற்றை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, மீதி இடம் முழுவதையும் ஒரே அடியாகக் காலி என்று அறிவித்துவிடுகிறது. அதனால்தான் அற்ப ஆயுள் ஆப்ஜெக்டுகள் ஜாவாவில் அவ்வளவு மலிவு. செத்ததைப் பற்றி அது யோசிப்பதுகூட இல்லை.

இப்போது உங்கள் ‘நல்’லுக்குத் திரும்பலாம். மெத்தடுக்குள் இருக்கும் லோக்கல் வேரியபிளுக்கு ‘நல்’ போடுவது அநேகமாக எப்போதும் வீண். ஓட்டத்தின்போது இயந்திர மொழியாக மாற்றும் ஜேஐடி கம்பைலர், ஒரு வேரியபிளின் கடைசிப் பயன்பாட்டுக்குப் பிறகு அதை உயிருள்ள ரெஃபரன்ஸாகக் கருதுவதில்லை, மெத்தட் முடியாவிட்டாலும். ‘நல்’ போட வேண்டிய இடம் வேறு: நீண்ட நாள் வாழும் ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் அரேயும் ஃபீல்டும். ஜாவாவின் சொந்த ‘அரேலிஸ்ட்’ நல்ல உதாரணம். ஒன்றை நீக்கும்போது அளவைக் குறைப்பதோடு விட்டுவிடாமல், காலியான கடைசி இடத்தில் ‘நல்’ எழுதுகிறது. எழுதாவிட்டால், பட்டியலில் இல்லாத ஆப்ஜெக்டை உள்ளே இருக்கும் அரே பிடித்துக்கொண்டே இருக்கும். ஜாவாவில் மெமரி கசிவு என்றால் பெரும்பாலும் இதுதான்: யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள். ஸ்டாட்டிக் மேப்பில் போட்டுவிட்டு எடுக்க மறந்ததாக இருக்கும், அல்லது ஏதாவது நடந்தால் தகவல் சொல்லும்படி பதிவு செய்துவிட்டு நீக்காத லிஸனராக இருக்கும்.

ரெஃபரன்ஸ் கவுன்டிங்கில் கணக்கு வேறு. வழக்கமான பைத்தானில், அதாவது சிபைத்தானில், ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணை வைத்திருக்கும். ‘டெல்’ அதில் ஒன்றைக் குறைக்கிறது. பூஜ்ஜியமானால் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே அழிவு. இது சி++-க்கு மிக நெருக்கம். இரண்டு ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் மட்டும் எண் பூஜ்ஜியத்துக்கு வராது. அதற்காகவே 2000-இல் வந்த பைத்தான் 2.0-இல் சுழற்சிகளைக் கண்டுபிடிக்கும் கலெக்டர் தனியாகச் சேர்க்கப்பட்டது. இதே முறையில் எண்ணும் ஸ்விஃப்ட் மொழி அப்படி ஒன்றைச் சேர்க்கவில்லை. சுழற்சியை ‘வீக்’ என்று எழுதி நீங்களே உடைக்க வேண்டும். இப்படி எண்ணிக்கை வைக்கும் சி++-இன் ‘ஷேர்டு பாயின்டர்’ பயன்படுத்தினாலும் அதே பொறுப்பு உங்களுடையது.

மெமரி கதை இங்கே முடிகிறது. என்னை ஒருமுறை வீழ்த்தியது மெமரி அல்ல. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வரும் கோப்புகளைப் படித்துப் பதிவு செய்யும் ஜாவா நிரல் ஒன்று இருந்தது. கோப்பைத் திறந்த இடத்தில் மூடும் வரி இல்லை, எழுதியவன் நான். எங்கள் மடிக்கணினிகளில் வாரக்கணக்கில் ஓடியது. சர்வரில் ஏற்றினால் சில மணி நேரத்தில் ‘திறந்த கோப்புகள் அதிகம்’ என்ற பிழையோடு விழுந்தது. மடிக்கணினியில் ஹீப் சிறியது. அடிக்கடி கலெக்டர் ஓடியது. அதன் போக்கில் கைவிடப்பட்ட கோப்பு ஆப்ஜெக்டுகளின் ‘ஃபைனலைஸ்’ (எடுக்கப்படுவதற்கு முன் ஓடும் மெத்தட்) ஓடி, கோப்புகளை மூடிக்கொண்டிருந்தது. சர்வரில் ஹீப் மிகப் பெரியது. மெமரி தாராளமாக இருந்ததால் கலெக்டருக்கு ஓட வேண்டிய தேவையே வரவில்லை. லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கோப்பு வரம்பு 1024. மெமரி நிறைவதற்கு வெகு நேரம் முன்பே அது நிறைந்துவிட்டது. கலெக்டருக்குத் தெரிந்தது மெமரி மட்டும். கோப்பு, நெட்வொர்க் இணைப்பு, பூட்டு எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

அந்த ‘ஃபைனலைஸ்’தான் ஜாவாவின் டிஸ்ட்ரக்டர் என்று ஒரு காலத்தில் பலர் சொல்லிக்கொடுத்தார்கள். அது எப்போது ஓடும் என்று தெரியாது, ஓடாமலேகூட நிரல் முடியலாம், எந்த த்ரெடில் ஓடும் என்றும் சொல்ல முடியாது. உள்ளே ‘திஸ்’ஸை ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்துவிட்டால் செத்த ஆப்ஜெக்ட் மீண்டும் உயிர் பெறும். 2017-இல் ஜாவா 9 அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. 2022-இல் ஜாவா 18, நீக்கப்படப் போவதாகவே குறித்தது. பழைய பாடங்களில் பார்த்தால் கடந்து போங்கள். சி ஷார்ப்புக்குப் போனால் அங்கே சி++ போலவே அலைக்குறி போட்டு எழுதும் ஒன்று இருக்கும். வடிவம்தான் டிஸ்ட்ரக்டர், நடத்தை ஃபைனலைஸர்.

உங்களுக்கு உண்மையில் தேவையானது 2011-இல் ஜாவா 7-இல் வந்தது. கிளாஸை ‘ஆட்டோகுளோசபிள்’ ஆக்கி, ‘குளோஸ்’ மெத்தடில் பொறுப்புகளை முடித்து, ‘ட்ரை’யின் அடைப்புக்குறிக்குள் ஆப்ஜெக்டைத் திறந்தால், அந்த ‘ட்ரை’ முடியும் இடத்தில் ‘குளோஸ்’ கட்டாயம் ஓடும். பல ஆப்ஜெக்டுகளைத் திறந்திருந்தால் கடைசியில் திறந்தது முதலில் மூடும், சி++ போலவே. பைத்தானில் இதே வேலையை 2006-இல் 2.5-உடன் வந்த ‘வித்’ செய்கிறது, சி ஷார்ப்பில் ‘யூஸிங்’ செய்கிறது. சி++-இலிருந்து வருபவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றே. அங்கே ஆப்ஜெக்டை எழுதியவர் கவனமாக இருந்தால் போதும். இங்கே அதைப் பயன்படுத்துபவரும் ‘ட்ரை’யில் வைக்க வேண்டும். எனவே புதிய கிளாஸ் எழுதும்போது, இது மெமரியைத் தவிர வேறெதையாவது பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் அழிவைப் பற்றி மறந்துவிடலாம். ஆம் என்றால் ‘குளோஸ்’ எழுதுங்கள். திறந்தவரே மூட வேண்டுமா, வாங்கிக்கொண்டவர் மூட வேண்டுமா என்பதையும் கிளாஸின் விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பைத்தானில் இதைச் சோதித்துப் பார்ப்பீர்கள் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ‘__டெல்__’ மெத்தடில் ஒரு செய்தியை அச்சிடச் சொல்லிவிட்டு, ஷெல்லில் ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் பெயரை மட்டும் அடித்து என்டர் தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ‘டெல்’ போட்டால் செய்தி வராது. நான் மேலே சொன்னது பொய்யோ என்று தோன்றும். ஷெல் கடைசியாகக் காட்டிய மதிப்பை அடிக்கோடு என்ற பெயரில் தானும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை இன்னும் ஒன்று. அடுத்த வரியில் 2 + 2 என்று அடியுங்கள். பழைய பிடி விடுபட்டு உங்கள் செய்தி முதலில் வரும், அதற்குப் பிறகுதான் 4 வரும்.